செசிலி அடுக்கிய கட்டைகள்

செசிலி பொய்க்காரி என்று டிஜோ சொன்னது ஒரே நாளில் முட்டம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டிஜோ வேறு யாருமில்லை. அவள் கணவன் ததேயுசின் சித்தப்பா மகன், ஜங்ஷனில் மொபைல் கடை வைத்திருப்பவன்.

விஷயம் இதுதான். 2015இல் துபாயிலிருந்து லீவுக்கு வந்த ததேயுஸ், உள்ளங்கை அளவு கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். மலிவுச் சாமான். அந்தக் காலத்து வீடியோ கேம் மெஷினைப் போல நடித்துப் பழைய ஆட்டங்களையெல்லாம் ஓட்டிக் காட்டும். பிள்ளைகள் ஒரு நாள் தொட்டுவிட்டு ஃபோனுக்கே திரும்பிவிட்டார்கள். மீன் விற்கும் செசிலிதான் அதை மடியில் செருகிக்கொண்டு போய், ஏலக்கூடத்தில் வள்ளங்களுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் கட்டை ஆட்டம் ஆடினாள். மேலிருந்து விழும் கட்டைகளைச் சந்து விழாமல் அடுக்கினால் வரிசை மறையும், எண் ஏறும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

எழுபத்தோராயிரம் எடுத்தேன் என்று அவள் சொன்னதும் டிஜோ சிரித்தான். அவனே நாற்பதாயிரத்தைத் தாண்டியதில்லை. இந்தப் பெட்டியில் ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்கலாம், தோற்றால் அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம், மயினி ஆடியது கள்ளக்களி, ஏமாற்று வேலை என்று, அண்ணன் மனைவி என்றும் பாராமல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அப்படி ஒரு வசதி இருப்பதே செசிலிக்கு அன்றுதான் தெரியும்.

போனால் போகட்டும் என்று விட அவளால் முடியவில்லை. கடற்கரையில் வாய்ச்சொல்லை நம்பித்தான் மீனைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அவள் ஏலத்தில் விலை கேட்டபோது, ஏலம் விளிக்கும் சிலுவையே, இது நெசமா, சேமித்து வைத்ததா என்று கேட்டுவிட்டார். கூடமே சிரித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"டிஜோவ வரச் சொல்லுங்க," என்றாள். "அவன் கண்ணு முன்னால ஆடுகேன். ஒரே ஆட்டம்."

மறுநாள் மதியம் டிஜோ கூடத்துக்கு வந்து, சேமிக்கும் பட்டனை டேப் ஒட்டி மூடினான். நன்றாக ஒட்டச் சொல்லிவிட்டு செசிலி ஆடத் தொடங்கினாள்.

எண் ஐம்பதாயிரத்தைத் தாண்டியதும் கட்டைகள் மழையாகக் கொட்டின. டிஜோவுக்குக் கண்ணே ஓடவில்லை. செசிலி யோசிக்கவும் இல்லை. இருபது வருடமாக அலுமினியச் சருவத்தில் மீன் அடுக்கிய கை அது. தலைக்கு வால், வாலுக்குத் தலை, சந்து தெரிந்தால் ஒரு சாளை. ஒரு சருவத்தில் இரண்டு சருவ மீனை அடைத்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றுகிறவளுக்கு இந்தக் கட்டைகள் எம்மாத்திரம்?

வள்ளங்கள் கரை சேர்ந்தன. மீன் வாங்கக் காத்திருந்த பெண்களில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சிலுவை ஏலம் விளிக்க வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். எண் எழுபத்தோராயிரத்தைத் தாண்டியது.

"மதி மயினி, போதும்," என்றான் டிஜோ. "நான் சொன்னது தப்புதான்."

"மிண்டாம இரி," என்று அவன் பேச்சை வெட்டினாள் செசிலி.

எண்பதாயிரம். தொண்ணூறாயிரம். ஐந்து இடத்திலும் ஒன்பது வந்தது. அதற்கப்புறம் வரிசைகள் மறைந்துகொண்டே இருந்தன, எண் மட்டும் அசையவில்லை. செசிலி பதறிப்போனாள்.

"ஏலே டிஜோ, பெட்டி கெட்டுப்போச்சா? நம்பரு ஏறல்லியே."

டிஜோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கெடல்ல மயினி. இதுக்கு மேல எண்ண இதுக்குத் தெரியாது."

சிலுவை நிமிர்ந்தார். தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, செசிலி பேருக்கு, இதுக்கு மேல கேக்க ஆளுண்டா என்று கரை முழுக்கக் கேட்கும்படி மூன்று முறை விளித்தார். ஆளில்லை.