மணவாளன் நட்ட அனுபியாஸ்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லியனூர் மார்க்கெட் பக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். ஆள் வந்தால் வியாபாரி. ஆள் வராத மத்தியானங்களில், பழைய பில்களைத் திருப்பிப் போட்டு எழுதுகிற எழுத்தாளன். இரண்டு பேருக்கும் வாய் ஒன்றுதான். இந்தக் கதையில் வந்த தொல்லையெல்லாம் அதனால் வந்தது.

முதல் தொடக்கம்: ‘ஏம்பலத்தின் கரும்புக் கொல்லைகளின் மேல் அந்தி வெயில் பொன்னாய் உருகி’ —

[அடித்துவிட்டேன். கதை நடப்பது மீன் தொட்டிக்குள். கரும்புக்கு இதில் வேலையே இல்லை.]

இரண்டாவது தொடக்கம்: ‘தேவி தேம்பித் தேம்பி’ —

[அவள் அழவில்லை. நல்ல கோபத்தில் இருந்தாள்.]

நடந்ததையே எழுதுகிறேன்.

2.

தேவி கடைக்குள் வந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கல்லாமேல் வைத்தாள். உள்ளே அழுகிய செடி.

“அண்ணா, மறுபடியும் புடுங்கி நட்டுட்டாரு.”

நட்டவர் அவளுடைய மாமனார் மணவாளன். ஏம்பலத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். செடி, மீன் தொட்டிக்குள் வைக்க நான் விற்ற அனுபியாஸ். அதை மண்ணில் நடக்கூடாது. இஞ்சி மாதிரி படுத்துக் கிடக்கும் அதன் தண்டைக் கட்டையிலோ கல்லிலோ வைத்து நூலால் கட்ட வேண்டும். வேர் கட்டையைப் பிடித்துக்கொண்டதும் நூலை அறுத்துவிடலாம். தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். தேவி கட்டிவைப்பாள். அவள் வேலைக்குப் போனதும் மாமனார் நூலை அவிழ்த்து, தொட்டியின் அடியில் கிடக்கும் பொடிக்கல்லில் வரிசை பார்த்து நட்டுவிடுவார்.*

“நீயே அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“நானா? மாமாகிட்டயா?”

அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதை. தேவி எதிரிலேயே நின்றாலும் மணவாளன் தன் மனைவி வள்ளியம்மாளைப் பார்த்து, “சோறு ஆயிடுச்சான்னு கேளு” என்பார். தேவியும் வள்ளியம்மாளிடம்தான், “ஆயிடுச்சுன்னு சொல்லுங்க” என்பாள்.

“அத்தை சொல்லிப் பாத்தாங்கண்ணா. ‘பயிர் வைக்க எனக்கே சொல்லித் தர்றியா’ன்னு கேட்டாராம். அம்மா வூட்லேர்ந்து கொண்டாந்த தொட்டிண்ணா அது. அந்த வூட்ல எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். இன்னும் ஒரே ஒரு துண்டு மிச்சம் கீது. அதுவும் செத்துச்சுன்னா தனியா வூடு பாத்துக்குனு போயிடுவேன். எங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

(* பசை போட்டும் ஒட்டலாம். தேவி ஒரு கல்லில் ஒட்டிப் பார்த்தாள். அவர் கல்லோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்.)

3.

மணவாளனை வில்லனாக வைத்து ஒரு பக்கம் எழுதினேன். பெரிய மீசை வைத்தேன். ‘மருமகளின் சின்னஞ்சிறு உலகத்தை வேரோடு பிடுங்கி எறியும் அந்த முரட்டுக் கைகள்’ என்று எழுதி, நானே இரண்டு தரம் படித்து மகிழ்ந்தேன். அடுத்த நாள் அவரே கடைக்கு வந்தார். மீசை இல்லை.

“இன்னாப்பா, தொட்டிச் செடிக்கு உரம் எதுனா வச்சிக்கிறியா?”

“எதுக்குங்க ஐயா?”

“எங்க மருமவ ஒரு செடி வச்சிக்குது. அது செத்தா தனியா பூடுமாம். நல்ல பொண்ணுப்பா. பாவம், அதுக்கு நடத் தெரியல. ஆட்டுக்குட்டியக் கட்டுற மாதிரி கட்டையில கட்டி வச்சிக்குது. வேரு அந்தரத்துல தொங்குது. நான்தான் தெனம் பாத்து ஆழமா நட்டு வுடறேன்.”

அவள் போய்விடுவாளோ என்று பயப்படப் பயப்பட ஆழமாக நடுகிறார். ஆழமாக நட நட அது அழுகுகிறது. என் வில்லன் அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

4.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். வியாபாரி வாயைத் திறந்தான். எழுத்தாளன் பொத்திவிட்டான். மூன்றாம் பகுதியிலேயே கதை முடிந்துவிட்டால் நான் எங்கே போவது?

“உரம் வரவழைக்கிறேங்க” என்று அனுப்பிவிட்டேன்.

இதுவரை எழுதியதை என் மனைவி ஸ்டெல்லா படித்தாள்.

“ஒரு குடும்பம் ரெண்டாவப் போவுது. நீ கதை கட்டிக்குனு கீற.”

“சொன்னா கதை முடிஞ்சிடும் ஸ்டெல்லா.”

“முடியட்டுமே.”

சுருக்கென்றது. ஆனாலும் முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: செடி சாகிறது. குட்டியானையில் பீரோ, கட்டில், காலித் தொட்டி. கரிக்கலாம்பாக்கம் நோக்கி வண்டி —

[எனக்கே பிடிக்கவில்லை.]

முடிவு இரண்டு: மணவாளன் கண்ணீர் மல்க மருமகளிடம் —

[அவர் பக்கத்து வீட்டாரிடமே அளந்து பேசுகிறவர்.]

5.

மூன்றாவதை நான் எழுதவில்லை. அது தானாகக் கடைக்குள் வந்தது.

தேவி வெறும் கட்டையைக் கொண்டுவந்தாள். “இத நீங்களே வச்சிக்கங்கண்ணா. தொட்டியையும் வந்து எடுத்துக்கங்க.” அவள் சொல்லி முடிக்கவில்லை, ஒரு சொம்போடு மணவாளன் உள்ளே நுழைந்தார். சொம்புத் தண்ணீரில் கடைசித் துண்டு. அதில் ஒரே ஓர் இலை.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் என் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“இன்னா பண்ணா இது பொழைக்கும்னு கேளுப்பா.”

“நடாம இருந்தா பொழைக்கும்னு சொல்லுங்கண்ணா.”

“நடாம எப்பிடிப் பொழைக்கும்னு கேளு.”

கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறார்கள். நடுவில் வள்ளியம்மாள் வேலை எனக்கு. அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“ஐயா, இதோட தண்டு கல்லுக்குள்ள போனா அழுவிடும். கட்டையிலதான் கட்டணும்.”

கதை முடிந்துவிடும் என்று பயந்தேனே, முடியவில்லை. அவர் சொம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நான்தான் சாவடிச்சனா?”

அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. தேவியின் முகத்திலிருந்த கோபம் எங்கோ போய்விட்டது. 

நூல்கண்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். ஒருவர் தண்டைக் கட்டையோடு பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் நூலைச் சுற்ற வேண்டும். ‘பிடித்துக்கொள்’ என்பதுபோல இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

நான் வலையை எடுத்துக்கொண்டு, “மீன் புடிக்கணும்” என்று பின்பக்கம் போனேன். மீன் கேட்டு யாரும் வந்திருக்கவில்லை.

எனக்குப் பின்னால் யாரோ பேசியது கேட்டது. என்ன பேச்சு என்று, தொட்டிகளுக்குக் காற்று விடும் மோட்டார்களின் இரைச்சலில் தெரியவில்லை. சுவிட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அணைத்துவிட்டுக் கேள் என்று எழுத்தாளன் கெஞ்சினான். நான் அணைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கல்லாமேல் காலிச் சொம்பு மட்டும் இருந்தது. கட்டை இல்லை, செடி இல்லை, நூல்கண்டும் இல்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் யார் முதலில் பேசினார், என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுதும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நூலை ரொம்ப இறுக்க வேண்டாம், தண்டு நசுங்கிவிடும்.