அவள் வீட்டில் இல்லாத நேரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்காவின் கணவர், அதாவது அத்தான், யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு சொன்னது. எழுதாதே என்று சொல்லவில்லையே என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரி: 'கடவுள் வந்தபோது வாசலெங்கும் ஒளி வெள்ளமாக...'

(சே. வெளியே என்ன வெயிலோ அதே வெயில்தான் என்றார் அத்தான்.)

2

அத்தான் வீட்டு முன்னறையில் மிக்சி, மின்விசிறி பழுது பார்ப்பவர். சாமியாவது பூதமாவது என்கிற ஆள். அக்கா நேர் எதிர். மகள் இறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே வேண்டுதல்: ஒரு தடவை நேரில் வா, உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. போன மாதம் அதையும் நிறுத்திவிட்டாள்.

"கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. யாரும் இல்லன்னு வெச்சுக்கிறேன்" என்றாள்.

அதற்கு முந்தைய வாரம்தான் கடவுள் வந்திருக்கிறார்.

3

(கடவுள்தான் என்று அத்தானுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.)

"தெரிஞ்சுது. அம்மாவைப் பார்த்தா அம்மான்னு யாராவது சொல்லணுமா?"

"என்ன கேட்டாரு?"

"உங்க அக்காவைத்தான் கேட்டாரு."

"நீங்க?"

"அவ வேலைக்குப் போயிருக்கா, சாயங்காலம் வாங்கன்னேன்." கையிலிருந்த ஸ்குரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சேதான் சொன்னேன் மாப்ள. வாசல்ல யார் வந்து நின்னாலும் என் வாயில அதுதானே வரும்."

வந்தவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாராம். சாயங்காலம் வரவில்லை. அத்தான் அன்றிலிருந்து தூங்கப் போகும்வரை வாசல் கதவைச் சாத்துவதில்லை. காற்று வரட்டும் என்கிறார்.

4

முடிவுகள்.

அவர் திரும்பி வருகிறார் என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். அவரை வரவழைக்க நான் யார்?

அக்கா அத்தானை மன்னித்துவிடுகிறாள் என்று பாதி எழு

அக்காவுக்குத் தெரியாமலே போகிறது. இதுதான் எல்லோருக்கும் நல்லது. ஆனால் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டே அவள் கண்ணை மூடுவாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

5

ஆகவே இதுவரை எழுதியதை அக்காவிடமே கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தாள்களோடு முன்னறைக்குப் போனாள். அத்தான் நிமிர்ந்தார். தாள்களைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"வந்தவரை உள்ள வந்து உக்காருங்கன்னாவது சொன்னீங்களா?"

அவர் சொன்ன பதில் என் காதில் விழுந்தது. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். அக்கா நிற்கிறாள்.