சும்மாதான் கூப்பிட்டேன்

செண்பகனூர் பஸ் நிறுத்தத்தில் இருந்த சிவமுருகனின் ரீசார்ஜ் கடையில் கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. வாசலில் தொங்கும் விளம்பரத் தட்டிகளின் நிறத்தைத்தான் சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. குறிஞ்சி பூத்து முடிந்த மறு வருடம் ஜூன் மாதத்தில், சீசன் கூட்டம் மலையிறங்கிப் போனபின், அமிர்தவல்லி அங்கே தன் முதல் சிம்மை வாங்க வந்தாள்.

வயது நாற்பத்தெட்டு. பஸ் நிறுத்தத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் சென்னை டாக்டர் ஒருவரின் விடுமுறை வீட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஏப்ரல், மே மாதங்களில் விருந்தாளிகள் வருவார்கள், சமைத்துப் போடுவாள். மற்ற மாதங்களில் யாரும் படுக்காத படுக்கைகளை உதறிப் போட்டு, காலையில் ஜன்னல்களைத் திறந்து, மூடுபனி உள்ளே வருவதற்குள் சாத்துவாள். கட்டிக்கொண்டவன் இரண்டாம் வருடமே கேரளத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. டாக்டர் சொல்ல வேண்டியது எதுவானாலும் சிவமுருகன் கடைக்குப் பேசுவார். அவன் ஆள் அனுப்பிச் சொல்வான். இந்த முறை டாக்டர் தன் பழைய செல்போனைக் கொடுத்து, ஒரு சிம் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"யாருக்குக்கா அதிகமாப் பேசுவீங்க?" என்று கேட்டான் சிவமுருகன்.

"அதச் சொன்னாத்தான் சிம்மு குடுப்பீங்களா தம்பி?"

"சொல்லாம எப்பிடிக் குடுக்கறது? சிவப்புன்னா உங்க சமையக்கட்டுக்குள்ளயே நாலு பாயிண்ட் டவர் நிக்கும். ஆனா நிமிசத்துக்கு ஒரு ரூவா. மஞ்சள்ல ரெண்டு நம்பர் எழுதிக் குடுக்கணும். அந்த ரெண்டு நம்பருக்கு மட்டும் பத்துப் பைசா. பொழுதன்னைக்கும் பேசிக்கிட்டே கெடக்கலாம். அவுகளும் மஞ்சளாத்தான் இருக்கணும். ஆனா உங்க பள்ளத்துல மஞ்சளுக்கு டவர் கெடையாது. மேல வளைவுல வந்துதான் நிக்கணும்."

"பச்சை?"

"பச்சை டிவி விளம்பரத்துல மட்டுந்தான் எடுக்கும்."

பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிவமுருகன் சிவப்பு அட்டை ஒன்றை உருவி மேசையில் போட்டான். "டாக்டர் மட்டும் கூப்பிடறதுன்னா இது போதும். வர்ற போனுக்குக் காசு கெடையாது. யோசிக்காம எடுத்துக்கங்க."

யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த 'மட்டும்' அமிர்தவல்லிக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கேட்டதும் பிடிக்கவில்லை.

"அண்ணனுக்குப் பேசணும்" என்றாள்.

"அப்பிடிச் சொல்லுங்க. அண்ணன் என்ன கலரு?"

"கேட்டுட்டு வர்றேன்."

"கூடப் பொறந்த அண்ணன் நம்பர் தெரியாத ஆளு கொடைக்கானல் தாலுகாவுலயே நீங்க ஒருத்தர்தான்க்கா."

பண்ணைக்காட்டில் இருக்கும் அண்ணன் சுரேந்திரனை அவள் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் கருமாதிக்குப் போனதுதான் கடைசி. சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் யாராவது சமாதானம் பேசவாவது வந்திருப்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்த அப்பா, பல வருடம் கூலி வேலை பார்த்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் அண்ணன் வசம் இருந்தது. கருமாதிக்கு மறுநாள் அண்ணன் மனைவி கலைமணி, "ஒனக்கு அதுல ஒண்ணும் வேணாமில்ல?" என்று கேட்டாள். "வேணாம் மதினி" என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. அதன்பின் அங்கே போனால் எதையோ கேட்க வந்ததுபோல் ஆகிவிடும் என்று இவளும், கூப்பிட்டால் எதையோ ஞாபகப்படுத்தியதுபோல் ஆகிவிடும் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பி, பெருமாள்மலையில் பஸ் மாறி, பண்ணைக்காட்டில் இறங்கினாள். கலைமணி வாசலில் மிளகு காயவைத்த தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க நாத்தனாரே. வழி தெரிஞ்சிருக்கே!" என்றாள். பிறகு முகம் மாறி, "என்னா சோலியா வந்த?" என்று கேட்டாள்.

"சும்மாதான் மதினி."

"சும்மாவா? ரெண்டு பஸ் ஏறியா?"

காப்பி வந்தது. கலைமணி நாற்காலியில் உட்காராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். டாக்டர் வேலையை விட்டு நிறுத்திவிட்டாரா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதில் வர, அவள் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. தோட்டத்திலிருந்து சுரேந்திரன் வேகமாக வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கையில் மண்வெட்டி அப்படியே இருந்தது.

"யாருக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். கலைமணி பார்வையைத் தார்ப்பாயின் மேல் வைத்துக்கொண்டாள். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். உபசாரத்தில் குறை இல்லை. சாப்பிடும்போது மட்டும் யாரும் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி, மிளகு, ஆரஞ்சு, கூலி ஆள் என்று அந்த வீட்டில் தினமும் புழங்கும் பேச்சு எதுவும் அன்று வாய்க்கு வரவில்லை.

பஸ்ஸில் ஏற்றிவிட அண்ணன் கூட வந்தார். கையில் ஒரு சீப்பு மலைவாழை. நிறுத்தத்தில் நின்றபோது, "எதுவும் மனசுல வச்சிருந்தா சொல்லிரு அமிர்தம்" என்றார்.

"ஒங்க போன் நம்பர் வேணும்ணே."

"நம்பரா?" அவர் மூச்சுவிட்டுச் சிரித்தார். "அடி இவளே, இதுக்கா இம்புட்டுத் தூரம்? யார்கிட்டயாச்சும் சொல்லிவிட்டா வந்துருமே." புறப்பட நின்ற பஸ்ஸின் கண்டக்டரிடம் பேனா வாங்கிப் பழைய டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.

"சிவப்பா, மஞ்சளாண்ணே?"

"மஞ்சள்தான். இங்கிட்டு வேற எதுவும் எடுக்காது. அவசரம்னா கூப்பிடு."

மறுநாள் அவள் மஞ்சளைக் கேட்டபோது சிவமுருகனுக்கு ஏற்கவில்லை. "டாக்டர் கூப்பிட்டா எடுக்காதேக்கா. சோத்துக்கு வழி டாக்டரா, அண்ணனா?"

"காலையிலயும் சாயங்காலமும் வளைவுக்கு வந்து நிக்கறேன். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

"ரெண்டாவது நம்பர்?"

"ஒண்ணு போதும்."

"ரெண்டு போட்டாத்தான் எடுத்துக்கும். சரி, என் கடை நம்பரைப் போட்டுவிடறேன். பத்துப் பைசாதானேன்னு கூப்பிட்டு என் உசுர வாங்கிறாதீங்க."

சாலை வளைவில் ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. அதற்கப்பால் சரிவு. மலையேறும் வண்டிகள் அங்கே கியர் மாற்றும். அந்த இரைச்சல் அடங்கும்வரை ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். முதல் நாள் மாலை அவள் அங்கிருந்து கூப்பிட்டபோது அண்ணன் ஒரே மணியில் எடுத்தார். அமிர்தம் என்றதும் அவர் குரல் பதறியது.

"என்னம்மா? என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான் கூப்பிட்டேன்."

சாப்பிட்டாயா என்று இவள் கேட்டாள். இன்னும் இல்லை என்றார். பிறகு, "வேற?" என்றார். வேறு ஒன்றும் இல்லை. வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை கலைமணி எடுத்தாள். "அவுக குளிக்கிறாக. என்ன விசயம்னு சொல்லு, சொல்லிடறேன்." அமிர்தவல்லிக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. "அங்க மழையான்னு கேக்கத்தான் மதினி" என்றாள். மழைதான் என்று கலைமணி சொன்னாள். எப்போது பிடித்தது, எவ்வளவு பெய்தது, ஓடையில் தண்ணீர் வந்ததா என்று பேச்சு இரண்டு நிமிடம் ஓடியது.

அதிலிருந்து அவளுக்கு ஒன்று பிடிபட்டது. கையில் ஒரு விஷயம் வேண்டும். இலங்கையில் அவர்கள் இருந்த லயத்தில், தோட்டக் கூலிகளின் அந்த வரிசை வீடுகளில், இந்தக் கஷ்டம் இல்லை. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சுப் போகும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை. இங்கே பகலெல்லாம் அவள் தரையைத் துடைத்துக்கொண்டே அன்றைய விஷயத்தைத் தேடினாள். மிளகு என்ன விலை. காப்பிக்காய் திரண்டுவிட்டதா. காட்டெருமை வேலியைத் தள்ளியதாமே, உண்மையா. விஷயம் அகப்பட்ட நாட்களில் பள்ளத்திலிருந்து வளைவுக்குப் படி ஏறும்போது கால் வலிக்கவில்லை. அகப்படாத நாட்களிலும் வளைவுக்குப் போய், செல்போனைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டு வந்தாள்.

ஆகஸ்டில் டாக்டரின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். டாக்டர் இரண்டு நாட்களாகக் கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும், அவள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லியிருக்கிறது. அறை தயாராக இல்லை, வெந்நீர் இல்லை, அரிசி இல்லை. டாக்டர் கடைக்குப் பேசி வைததைச் சிவமுருகன் பாதியாகக் குறைத்துச் சொன்னான்.

"சிவப்பு ஒண்ணு போட்டுத் தர்றேன்க்கா. இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வேற ஆள் பாக்கப் போறேங்கறாரு."

"அந்த சிம்முல பத்துப் பைசா கெடையாதுல்ல?"

"அண்ணனுக்கு அப்பிடி என்னதான் பேசறீங்க?"

"சும்மாதான்" என்றாள் அமிர்தவல்லி. "தீபாவளி வரைக்கும் இது இருக்கட்டும் தம்பி. நாளைலருந்து மூணு வேளையும் வளைவுக்கு வந்துர்றேன்."

அக்டோபர் மழை பிடிக்கும் முன் ஒரு மாலை, வளைவில் நின்றபோது செல்போன் தானாக அடித்தது. அண்ணன். அவர் எண்ணிலிருந்து இதுவரை ஒரு முறைகூட வந்ததில்லை. அவள் உடனே பட்டனை அமுக்கினாள்.

"அமிர்தம், பேசலாமா?"

"பேசுங்கண்ணே!"

"நானும் ஒன் மதினியும் ஒரு முடிவுக்கு வந்துட்டோம். நீ வாயத் தொறந்து கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெனமும் கூப்பிட்டு மழை பேஞ்சுதா, மொளகு என்னா வெலை, காய் எப்பிடி இருக்குன்னு கேக்கறியே, எதுக்குக் கேக்கறேன்னு புரியாத அளவுக்கு நான் மடையன் இல்ல. அப்பா சம்பாரிச்சது, ஒனக்கும் பாத்தியம் உண்டு. ஓடையோரமா அரை ஏக்கரு ஒம்பேருக்கு எழுதிருவோம். தை பொறக்கட்டும்."

"அண்ணே, நான் சும்மாதான் கூப்பிட்டேன்."

"சரி, சரி. நான் கோவிச்சுக்கிட்டுச் சொல்லல."

பின்னால் கலைமணியின் குரல் கேட்டது. "வரப்பு வரைக்கும்னு வெவரமாச் சொல்லிருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

லாரி ஒன்று வளைவில் திரும்பியது. அமிர்தவல்லி காதைப் பொத்திக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு முறை சொன்னதுதான். சொன்னவள் ஐந்து வருடம் கழித்து எதற்கு வந்தாள், எதற்குத் தினமும் கூப்பிட்டாள் என்று அவர்கள் கேட்டால் அவளிடம் இருப்பது ஒரே பதில். அதைத்தான் அவர்கள் நம்பவில்லை. நம்பவைக்க வேண்டுமானால் இனிமேல் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

லாரி மேலேறிப் போனது.

"லைன்ல இருக்கியா?" என்றார் அண்ணன்.

"இருக்கேன். சரிண்ணே."

"சரின்னா? சம்மதந்தானே?"

"சம்மதந்தான்."

அந்தப் பக்கம், "சரிங்குது" என்று அவர் மனைவியிடம் சொல்வது கேட்டது. கலைமணி ஏதோ சொன்னாள், அது கேட்கவில்லை.

"அதுல எத்தனை செடி இருக்குண்ணே?" என்று அமிர்தவல்லி கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். செடிகள், அவற்றில் பட்டுப்போனவை, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி ஏறியவை, ஏறாதவை. ஓடைப் பக்கம் ஈரம் நிற்பதால் காய் முந்திப் பழுக்கும். தோட்டம் பார்க்க வந்த வெளியாளுக்குச் சொல்வதுபோல் ஒன்று விடாமல் சொன்னார். இடையில் அவர் குரல் ஒரு முறைகூட இளகவில்லை. இதற்கு முன் இவ்வளவு நேரம் அவர்கள் பேசியதில்லை. அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் அவள் இன்னொன்று கேட்டாள். மூடுபனி கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது.

"களை எப்பண்ணே எடுக்கணும்?"

"கார்த்திகையில ஒரு தடவ எடுத்தாப் போதும். ஆளு நான் பாத்துக்கறேன். ஒன் பங்குக் கூலிய நீ குடுத்துரு."

"குடுத்துர்றேன். அதுக்கு முந்தி ஒரு தடவ கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"ம். கூப்பிடு" என்றார்.