சிறுமலை மேகத்துக்கு அரைத்த உப்பு

மார்கழி ஒன்பதாம் தேதி காலை ஏழரை மணிக்கு ஆனையூரில் உப்பு பெய்தது. வீட்டுக்கு ஒரு படி தேறியது. ஊறுகாய்க்கு ஆகுமென்று ஜனங்கள் மொட்டைமாடியைப் பெருக்கி அள்ளி வைத்துக்கொண்டார்கள். மாவு மில் பாண்டீஸ்வரிக்கு மட்டும் வயிறு எரிந்தது. வாடிப்பட்டியில் அவளுக்கு இரண்டு ஏக்கர் நெல், பால் பிடிக்கிற பருவம். கால்வாயில் தண்ணீர் நின்று பதினெட்டு நாளாகிவிட்டது. இன்னும் பத்து நாளைக்குள் ஒரு மழை பெய்யாவிட்டால் அம்புட்டும் பதர். மேகமோ மறுவீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி சிறுமலை உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மழையை வரவழைக்க மேகம் விதைக்க வந்த குழுவுக்கு அசோக்குமார்தான் அதிகாரி. நல்ல மனுஷர், ஆனால் தான் படித்ததை மேகமும் படித்திருக்கும் என்று நம்புகிறவர். முதலில் மலைச்சரிவில் அடுப்பு வைத்து வெள்ளி அயோடைடைப் புகையவிட்டார். அது உறைகுளிர் மேகத்துக்கான சரக்கு. நம்மூர் மேகத்துக்கு அத்தனை குளிர் ஏது? மேகம் கொஞ்சம் மினுங்கியதோடு சரி. அடுத்து விமானத்தில் போய் உலர்பனியைத் தூவினார். மேகம் வெடவெடத்துப்போய் நத்தம் பக்கம் வெயில் காயக் கிளம்பி, மூன்று நாள் கழித்துத்தான் திரும்பியது. கடைசியாக உப்பைத் தூவினார். குளிராத மேகத்துக்கு உப்புதான் பொருத்தம், துளிகளைக் கூட்டிச் சேர்க்கும் என்றார்கள். அந்த உப்பைத்தான் மேகம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு ஆனையூர் மேல் துப்பியிருந்தது.

பாண்டீஸ்வரி ஒரு பிடி உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு மலையடிவாரத்துக் கூடாரத்துக்குப் போனாள். அசோக்குமார் முன்னால் அதை விரலால் தேய்த்துக் காட்டினாள்.

"மாவு மில்லு வச்சிருக்கேன் சார். இது ரவைப் பதம். மேகம் எப்படி முழுங்கும்? திருநீறு கணக்கா இருக்கணும்."

"உங்க மில்லுல அம்புட்டு நைஸா வருமாம்மா?"

"மூட்டைய அனுப்பிட்டுக் கேளுங்க சார்."

முதல் மூட்டையை அரைத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பதினாறாம் தேதிக்கு இருநூறு கிலோ வேண்டும் என்றார்.

மாவு மில்லில் ஒரு சட்டம் உண்டு. முன்னாடி என்ன அரைத்தது என்று கேட்காமல் யாரும் தூக்குவாளியைக் கவிழ்க்க மாட்டார்கள். மிளகாய் ஓடியிருந்தால் இரண்டு பிடி அரிசியைப் போட்டு மிஷினைக் கழுவிவிட வேண்டும். பதினொரு வருஷமாக அந்தச் சட்டத்தை மீறாதவள் பாண்டீஸ்வரி. பதினாறாம் தேதியன்றைக்குப் பார்த்துக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தார்கள். கல்யாண வீட்டுக் குண்டுமிளகாய் நாற்பது கிலோ இறங்கிய சூட்டோடு, அவசரத்தில் உப்பைக் கொட்டிவிட்டாள். மூட்டைகள் அவனியாபுரத்துப் பக்கம் விமானம் ஏறப் போன பிறகுதான் கை எரிந்தது. உப்புக்கு எரிகிற கை இல்லை அது.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்து விழுந்தாள். "சார், பிளேனை இறக்கச் சொல்லுங்க. உப்புல மிளகா கலந்துருச்சு!"

அசோக்குமார் மேலே பார்த்தார். "தூவியாச்சேம்மா."

தன் வயலுக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டோம் என்று அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பகல் பதினொன்றே காலுக்கு மேகம் தும்மியது. வாடிப்பட்டியில் பஸ் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒரு சொட்டு விழவில்லை. ஒற்றைத் தும்மல் கேட்டால் இந்தப் பக்கத்தில் யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். ஊரே நின்ற இடத்தில் நின்றது. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாத அசோக்குமாரும் ஜீப்பில் வைத்த காலைக் கீழே எடுத்தார். இரண்டாவது தும்மல் வந்தது. மூன்றாவது மழையோடு வந்தது. அப்புறம் நான்கு நாள் மேகத்தால் நிறுத்த முடியவில்லை. கால்வாய் நிறைந்து, கண்மாய் மறுகால் பாய்ந்தது. மழையில் லேசாகக் காரம் இருந்ததால் வயலில் நின்ற அத்தனை பேருக்கும் கண்ணில் தாரை தாரையாக ஊற்றியது. தன் கண்ணீர் மட்டும் சந்தோஷத்தில் வந்தது என்று பாண்டீஸ்வரி இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள். பதரில்லாமல் ஏக்கருக்கு நாற்பது மூட்டை கண்டவள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போதெல்லாம் மார்கழியில் சிறுமலைப் பக்கமிருந்து தும்மல் சத்தம் கேட்டால், கே.கே. நகரில் மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர் தலை நிமிராமலே, தும்மின பிள்ளையை வாழ்த்துகிற மாதிரி "நூறு" என்கிறார். காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போகிறவர்கள் அடுத்த தும்மலுக்கு "இருநூறு" என்று சொல்லிக்கொண்டே படியேறுகிறார்கள்.