தப்பி ஓட ஒரு சொற்பொழிவு

நூல்களின் இறுதியில் அகரவரிசையில் இடம்பெறும் சொல்லடைவைத் தயாரிப்பது அவருடைய தொழில். செய்தாக வேண்டிய வேலையைத் தவிர மற்ற அனைத்தையும் மிகுந்த சிரத்தையோடு செய்வது அவருடைய இயல்பு. மீன் நோய்கள் பற்றிய அறுநூறு பக்க நூலொன்று மூன்று வாரங்களாக மேசைமீது கிடந்தது. அதற்குள் சமையலறை டப்பாக்கள் அனைத்துக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தார். மாடி வீட்டுக்காரரின் குடையைக்கூடத் தைத்துக் கொடுத்திருந்தார். சொல்லடைவோ ‘அழற்சி’யைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்து சேர்ந்தால் நிரந்தர வேலை பற்றிப் பேசலாம், தவறினால் இனி எந்த நூலும் கிடையாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

மனைவி பல் மருத்துவர். காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரியும் தம்பியை ரகசியமாக அழைத்தார்.

“பல்லைப் பிடுங்கணும்னு சொல்லிப் பாரு, அடைச்சா போதும் டாக்டர்னு தானா வாயைத் திறப்பாங்க. உங்க மாமாவுக்கும் அதான்டா வைத்தியம்.”

திங்கட்கிழமை தம்பி தொலைபேசினான்.

“மாமா, வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க ஆபீஸ்ல நீங்க ஒரு மணி நேரம் பேசணும்.”

“எதைப் பத்திடா?”

“வேலையில சோர்ந்து போகாம உற்சாகமா இருக்கிறது எப்படின்னு.”

“அதுக்கு ஊர்ல வேற ஆளே இல்லையா?”

“உங்களை விட்டா யாரு மாமா!”

மைத்துனனிடம் முடியாது என்று சொல்லும் துணிவு அவருக்கு என்றுமே இருந்ததில்லை. ஒரு தாளில் ‘பெரியோர்களே’ என்று எழுதினார். நெடுநேரம் அதையே பார்த்தார். தாளைத் தள்ளிவிட்டு மீன் நூலை இழுத்துக்கொண்டார். புதன்கிழமை மாலை சொல்லடைவு ‘ம’வைத் தொட்டுவிட்டது.

அவருடைய வாடிய முகத்தைக் கண்ட மனைவி அப்போதுதான் அந்தப் பிழையைச் செய்தார்.

“என்னங்க, பேச்சும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நானும் தம்பியும் அடிச்ச கூத்து அது.”

“நிஜமாவா?”

“சத்தியமா.”

“அப்பாடா!” என்றார். மீன் நூலை மூடினார். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.

மனைவி குளியலறைக்குள் ஓடிப்போய்த் தம்பியை அழைத்தார்.

“காரியத்தைக் கெடுத்துட்டேன்டா. உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டேன்.”

“அக்கா, உன்னை யாரு உத்தமி ஆகச் சொன்னா?”

“இனிமே பொய் சொன்னா நம்ப மாட்டாரு. நெஜமாவே ஏற்பாடு பண்ணு.”

வியாழக்கிழமை காலை, காப்பீட்டு அலுவலக மேலாளரே அவரிடம் தொலைபேசியில் பேசினார். “அறுபது பேர் வர்றதா சொல்லிட்டாங்க சார். மைக்குக்கும் சொல்லியாச்சு.” கடிகாரம் மேசையில் பிரிந்து கிடக்க, அவர் மீன் நூலுக்குள் குதித்தார். பொழுது சாய்வதற்குள் கடைசிச் சொல்லான ‘வைரஸ்’ ஏறியது.

மறுநாள் காலை அதைப் பெற்றுக்கொண்ட பதிப்பாளர் நாட்காட்டியை இருமுறை பார்த்தார். “மாசம் ஒரு புஸ்தகம் இதே மாதிரி முடிச்சுக் கொடுங்க, வேலை உங்களுக்குத்தான். ஆனா உங்களால முடியுமா?”

மதியம் அறுபது பேருக்கு முன்னால், ஒற்றைச் சொல் மட்டும் எழுதிய தாளோடு நின்றார். “பெரியோர்களே” என்றார். அதற்குமேல் ஓடவில்லை. அரங்கில் எல்லோரும் மேசையில் வேலையைப் போட்டுவிட்டு வந்த நிம்மதியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனத்தில் இருந்த ஒரே விஷயத்தை ஒப்பிக்கத் தொடங்கினார்.

“அழற்சி, பக்கம் பன்னிரண்டு. இரைப்பை வீக்கம், நாற்பத்தொன்று. செதில் உதிர்தல்…”

“என்னங்க இது, மீனு கீனுன்னு?” என்றது ஒரு குரல்.

“பேசாம போய் அந்த ஃபைலையே பார்க்கலாம், வா” என்றது இன்னொன்று.

‘ந’ வருவதற்குள் பாதி அரங்கு காலி. ‘வைரஸ்’ என்றபோது மனைவி, மைத்துனன், மேலாளர் மூவர் மட்டுமே எஞ்சியிருந்தனர். பக்கத்து அறைகளிலிருந்து விசைப்பலகைகளின் சடசடப்பு மழைபோல் கேட்டது.

மேலாளர் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார். “எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கேன் சார், கைதட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. இன்னிக்குத்தான் வேலை நடக்குது. மாசாமாசம் வந்துடுங்க!”

அவர் முகம் வெளுத்தது.

“வருவாரு” என்றார் மனைவி. “அடுத்த மாசத் தேதியை இப்பவே சொல்லிடுங்க. அந்தப் பதிப்பாளருக்கும் நானே ஒரு போன் பண்ணிடறேன்.”