மோடத்துக்குப் பின்னால் ஒரு வீடு

இணைய நிறுவனம் மோடத்தைப் பொருத்திவிட்டுப் போன நாளிலிருந்து, வேலாயுதபெருமாள் வீட்டுக்கு அழைக்காதவர்கள் வருவது நின்றுபோயிற்று. தென்காசியில் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டிருந்தால், வந்தவர் கூப்பிட்டவரிடம் நேராகப் போய்ச் சேருவார். யாரும் கூப்பிடாமல் வந்தவர் கேட்டுக்கு முன்னால் சற்று நிற்பார். இந்த வீட்டில் ஆளே இல்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியவரும். திரும்பிப் போய்விடுவார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தத் தெளிவு குறையாது.

வசதி என்று பார்த்தால் வசதிதான். நன்கொடை நோட்டுடன் வருகிறவர்கள் நின்றார்கள். தூரத்து உறவில் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் பத்திரிகையோடு திரும்பினார்கள். வேலாயுதபெருமாளின் மனைவி கோமதி சிலிண்டருக்குச் சொல்லியிருந்தால், சிலிண்டர்க்காரர் ஹாலில் உட்கார்ந்திருக்கும் வேலாயுதபெருமாளின் காலை மிதித்துத் தாண்டி, நேராக அடுக்களைக்குப் போவார். கூப்பிட்டது கோமதி. அவர் கண்ணுக்குக் கோமதிதான் தெரிவாள். ஒருமுறை, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்து வந்த பிளம்பருக்கு வீடு அகப்படவில்லை. அழைப்பு காலாவதியாகியிருந்தது. அவர் அடுத்த தெருவில் ஏதோ ஒரு குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

தினமும் விடிந்ததும் மோடம் எண் கொடுக்கும். ஒன்று அதற்கே. மற்றவர்களுக்கு விழிக்கிற வரிசைப்படி. கோமதி நாலரைக்கு விழிப்பாள், அவள் இரண்டு. வேலாயுதபெருமாள் மூன்று. ஒரே மகன் ஓசூரில் வேறொரு மோடத்துக்குப் பின்னால் இருந்தான்.

எண் கொடுப்பதில் வேலாயுதபெருமாளுக்கு ஆட்சேபணை கிடையாது. முப்பது வருஷம் சர்வேயராக இருந்து, போன ஆனியில்தான் ஓய்வு பெற்றிருந்தார். பெயர் மாறும், எண் மாறாது என்பது அவர் அலுவலகத்து வேதவாக்கு. அவரே தம் கையால் நானூறு எண்களையாவது மாற்றியிருப்பார். வேதவாக்கு மட்டும் மாறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வேகம் போதவில்லை என்று அவர் கூப்பிட்டதன்பேரில் நிறுவனத்திலிருந்து ஜெபசிங் வந்தார். மோடத்தின் பதிவேட்டைத் தம் போனில் திறந்து மேலும் கீழும் தள்ளினார்.

“அண்ணாச்சி, உலகம்மாள்ங்கது யாரு? உங்களுக்கு வேண்டியவங்களா?”

வேலாயுதபெருமாள் போனை வாங்கிப் பார்த்தார்.

வியாழன், காலை 10.40. உலகம்மாள், ஆய்குடி. யாரும் அழைக்கவில்லை. திருப்பப்பட்டார்.

அடுத்தடுத்து மூன்று வியாழக்கிழமைகளில் அதே வரி, அதே நேரத்தில் இருந்தது.

“அஞ்சு தடவை திருப்பிட்டுன்னா பேரையே எடுத்துரும்” என்றார் ஜெபசிங். “அதுக்கப்புறம் அவங்களுக்கு இந்தத் தெருவே இருக்காது. பாத்துக்கோங்க.”

உலகம்மாள் அவருடைய ஒரே தங்கை. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. ஆய்குடியிலிருந்த அப்பா வீட்டைப் பாகம் பிரித்தபோது வெளியாள் எதற்கென்று அவரே அளந்தார். தங்கை பங்கில் அரை அடி குறைந்தது. அவர் மூன்று தரம் அளந்து காட்டினார். மூன்று தரமும் சரியாகவே வந்தது. மூன்று தரம் அளந்து ஒன்றுபோல வந்தால் அது நிலத்தின் வாக்கு என்பது அவர் தொழிலின் வழக்கம். “உன் டேப்பு உனக்குத்தான் அளக்கும்” என்று சொல்லிவிட்டு உலகம்மாள் வெளியேறினாள். காணாமல்போன அரை அடி யார் பங்கிலும் எழுதப்படாமலே நின்றுவிட்டது. இப்போது அவள் ஆய்குடியில் தையற்கடை வைத்திருந்தாள். வியாழன்தோறும் துணியெடுக்கத் தென்காசிக்கு வருவாள்.

“ஒரு போன் போடுங்க” என்றாள் கோமதி. “கூப்பிட்டா வந்துட்டுப் போறா.”

“நான் எதுக்குக் கூப்பிடணும்? போனது அவதான?”

“அவதான் வந்தும் நிக்காளே. மூணு தடவை.”

“வரட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?”

“நான் வேணா கூப்பிடட்டா?”

“நீ கூப்பிட்டா உங்கிட்டல்லா வருவா.”

“ஆமா. உங்க காலை மிதிச்சிட்டு வருவா” என்று சொல்லிவிட்டுக் கோமதி அரிசி களையப் போனாள்.

அழைக்காமல் ஒருவர் வருவதற்கு வழி உண்டா என்று அவர் ஜெபசிங்கைக் கேட்டார்.

“இது எங்க பெட்டி அண்ணாச்சி. இதுல வழி விடமாட்டோம். ஆனா இதுக்குப் பின்னால சொந்தமா ஒரு ரூட்டர் வச்சிக்கிட்டீங்கன்னா, அந்தப் பக்கம் உங்க ராஜ்யம். யார உள்ள விடணும்னு நீங்களே எழுதிக்கலாம்.”

மறுநாளே கடைக்குப் போய் இரண்டு கொம்பு வைத்த ரூட்டர் ஒன்றை வாங்கிவந்தார். மோடத்திலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் சொருகினார். புது ரூட்டருக்கு என்ன தாய் எண் வைக்கலாம் என்று திரை கேட்டது. மோடத்தின் தாய் எண் 192.168.1. வேறு எண் வைப்பது நல்லதென்று திரையே சிபாரிசும் செய்தது. வேலாயுதபெருமாள் அந்தச் சிபாரிசை ஒரு கத்துக்குட்டியின் சிபாரிசாகவே கருதினார். சர்வே எண் 114-ஐ எத்தனை துண்டாக வெட்டினாலும் அது 114தான். 114/1 வரலாம், 114/2 வரலாம்; தாய் எண்ணில் கைவைத்தால் தாசில்தார் கையெழுத்துப் போடமாட்டார். மோடத்தின் எண்ணையே ரூட்டருக்கும் வைத்துவிட்டு அதன் அருகில் போய் உட்கார்ந்தார். உடனே ரூட்டருக்குப் பின்னால் போய்விட்டார்.

அங்கேயும் அதே ஹால், அதே காலண்டர், அதே நாற்காலி. கோமதி மட்டும் இல்லை. அவள் மோடத்தின் வீட்டில் இருந்தாள். அங்கே அவள் மிக்ஸி போடுவது பின்தெருவில் போடுவதுபோலக் கேட்டது. பழக்கத்தில் அவர், “ரெண்டு, காப்பி கொண்டா” என்றார். இரண்டாம் எண் எழுந்துபோய்ப் பாலைச் சுடவைத்து, காப்பி கலந்து எடுத்துவந்தது. அந்த வீட்டில் முதலில் விழித்தவர் அவர் ஒருவரே. இரண்டாம் எண் அவர்தான். சர்க்கரை குறைவாக இருந்தது. இரண்டாம் எண்ணிடம் அதைச் சொன்னார்.

ஜெபசிங்கைக் கூப்பிடலாம் என்று முயன்றார். வெளியே போகிற அழைப்பு எதுவும் ஒன்றாம் எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும். ஒன்றாம் எண் எங்கே என்று கேட்டால், பக்கத்திலிருந்த ரூட்டர் நான்தான் என்றது. அதற்கு முன்னாலும் ஓர் ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. மோடத்தின் வீட்டிலோ, அவர் எங்கே என்று விசாரித்தவர்களிடம், “அவுக பின்னால இருக்காக” என்று கோமதி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். விசாரித்தவர்கள் சரியென்று வைத்துவிட்டார்கள்.

பொழுது போகாமல் அவர் ஹாலை அளந்தார். அந்த ஹால் பதினாலு அடி என்பது வீடு கட்டிய நாள் முதல் அவருக்குத் தெரியும். பதினாலரை வந்தது. வடக்குச் சுவரோரம் அரை அடி கூடுதல். பாகம் பிரித்தபோது பிடித்த அதே டேப்பால் மறுபடி அளந்தார். பதினாலரை. மூன்றாம் தரமும் பதினாலரை. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து அந்த அரை அடியின்மேல் போட்டு அதில் உட்கார்ந்தார்.

வியாழன் 10.40-க்கு உலகம்மாள் வந்தாள். மாம்பழநிறச் சேலை, கையில் மடக்குக்குடை, தோளில் பை. ஜன்னல் வழியே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு முன்னால் நின்றாள். மேலே மொட்டைமாடியைப் பார்த்தாள். வீட்டில் ஆளே இல்லை என்பது அவளுக்குத் தெரியவந்தது. குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவர் வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கோமதி ஜெபசிங்கைக் கூப்பிட்டாள். அவர் வந்து ரூட்டரின் வயரைப் பிடுங்கினார். வேலாயுதபெருமாள் பதினாலு அடி ஹாலுக்கு வந்துசேர்ந்தார்.

“எத்தனை நாளா பின்னால இருந்தீங்க?”

“ஆறு நாள்.”

“சாப்பாடு?”

“ரெண்டாம் நம்பர் போட்டுச்சு. சுமார்தான்.”

ஜெபசிங் ரூட்டரின் எண்ணைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். “அண்ணாச்சி, நீங்க உட்பிரிவு பண்ணிருக்கீங்க. இது உட்பிரிவு இல்ல. தனிக் கிராமம். தனிக் கிராமத்துக்குத் தனி நம்பர் வேணும்.”

வேலாயுதபெருமாள் ரூட்டரைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு கிராமத்தை உட்பிரிவென்று எழுதிவிடுவது அவருடைய துறையில் சின்னப் பிழை இல்லை.

“தப்பா அளந்துட்டேன்” என்றார்.

அடுக்களையிலிருந்து கோமதி வந்து, காலண்டரில் அன்றைய தேதியைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுப் போனாள்.

“இன்னொன்னு” என்றார் ஜெபசிங். “முன்னால இருக்க எங்க மோடமும் பாலமா மாறணும். பாலமாயிட்டுன்னா அது யாரையும் திருப்பாது. எண்ணும் கொடுக்காது. எல்லாம் உங்க ரூட்டர் பாடு. அதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு.”

விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்றிருந்த கட்டத்தில் அவர் ‘தங்கை’ என்று எழுதினார். புதன்கிழமை மத்தியானம் ஒப்புதல் வந்தது. மோடத்தின் பச்சை விளக்குகளில் மூன்று அணைந்து ஒன்று மட்டும் எரிந்தது. அதன்பிறகு அது பாலம். தன்மேல் நடந்துபோகிறவர்களைப் பற்றி ஒரு பாலத்துக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

ரூட்டருக்குத் தனி எண் கொடுத்து, கணவனும் மனைவியும் அதன் பின்னால் குடிபோனார்கள். ஒரு ஹாலிலிருந்து அதே ஹாலுக்குப் போவதால் சாமான் எதையும் தூக்கவேண்டியிருக்கவில்லை. கோமதி பாலை மட்டும் புதிதாகக் காய்ச்சினாள்.

“ஹால் நீளமா தெரியுதே” என்றாள்.

“பெருக்கிருக்கல்லா. அதான்” என்றார் அவர், ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

அன்று மாலை வழி எழுதினார். ‘உலகம்மாள் வந்தால் உள்ளே விடவும்’ என்பதற்குக் கீழே, யாரிடம் அனுப்பவேண்டும் என்று ரூட்டர் கேட்டது. பெயரும் எழுதலாம், எண்ணும் எழுதலாம். பெயர் மாறும், எண் மாறாது. ஆறு நாளாக அவர் இரண்டு. ‘2’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வியாழன் விடிகாலை நாலரைக்குக் கோமதி விழித்தாள்.

10.40-க்கு உலகம்மாள் வந்தாள். இம்முறை நிற்கவில்லை. பாலத்தைக் கடந்தாள், கேட்டைத் திறந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்தாள். ஸ்டூலில் வெள்ளைவேட்டி கட்டி உட்கார்ந்திருந்த அண்ணனின் வலதுகாலை மிதித்தாள். நேராக அடுக்களைக்குப் போனாள்.

“மதினி!”

“வா உலகு. மெலிஞ்சுட்டியே.”

அரைமணி நேரம் இருவரும் பேசினார்கள். தையற்கடைக்கு இரண்டாவது மிஷின் வந்தது, ஓசூர்க்காரனுக்குப் பெண் பார்ப்பது, முட்டிவலிக்கு எந்த எண்ணெய் கேட்கும் என்பது. வேலாயுதபெருமாள் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணன் எங்க மதினி?”

“ஹால்லதான் இருக்காரு.”

உலகம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்று ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். “யாரையும் காணலியே.”

“நீ எங்கிட்டல்லா வந்துருக்க. அவர் கிட்ட வரலல்லா.”

“அதுவும் சரிதான்” என்றாள் உலகம்மாள். பையைத் தோளில் மாட்டினாள். “இது அஞ்சாவது தடவை மதினி. இனிமே துணிய பார்சல்ல வரவழைச்சுக்குவேன். முட்டி கேக்க மாட்டேங்கு. அவர்ட்ட சொல்லிருங்க, வந்தேன்னு.”

ஹாலைக் கடந்து போனாள். இம்முறை இடதுகாலை மிதித்தாள். வாசலில் குனிந்து ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டாள். மற்றொன்று சற்றுத் தள்ளிக் கிடந்தது. அதைக் காலால் துழாவி இழுத்தாள்.

“உலகு” என்றார் வேலாயுதபெருமாள்.

ரூட்டரில் ஒரு விளக்கு மின்னி அடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இங்கதான் இருந்தியா?”

“இங்கதான் இருந்தேன்.”

“இப்பக் கூப்பிட்டது யாரு?”

“நான்தான்.”

“பதிவாயிருக்குமா?”

“ஆயிருக்கும்.”

அவள் போட்ட செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவர் ஸ்டூலைவிட்டு எழுந்து அதை ஓரமாக நகர்த்தினார். வடக்குச் சுவரோரம் குத்துக்காலிட்டு, நகத்தால் நெம்பி, அந்த அரை அடியைத் தரையிலிருந்து பாய்போல மெல்லச் சுருட்டிக்கொண்டு வந்தார். சுருட்டச் சுருட்டச் சுவர் பின்னாலேயே வந்து, தன் பழைய இடத்தில் நின்றது. காலண்டர் ஒருமுறை ஆடியது. கோமதி துடைப்பத்தால் தூசியைத் தட்டிவிட்டாள். உலகம்மாள் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து அகலத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

“ஆறு இஞ்சு” என்றாள்.

“சரியா இருக்கா?”

“இருக்கு.” டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். “காப்பி போடுங்க மதினி. சர்க்கரை தூக்கலா.”

பன்னிரண்டரை பஸ்ஸுக்கு அவரே கொண்டுபோய் ஏற்றிவிட்டார். ஜவுளிக்கடைப் பையில் சுருள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“இடம். அரை அடி.”

“முக்கா அடியிலேர்ந்துதான் லக்கேஜ்” என்றார் கண்டக்டர். “மடியில வச்சுக்கிடுங்க. மடங்காமப் பாத்துக்கோங்க.”