எட்டுக் கொம்பு ரூட்டர்

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, திகுதிகுவென்று எரிந்தது. பெற்ற மகளுக்கு வேலை நிரந்தரமான செய்தியை அவளுக்கு யார் வந்து சொன்னது தெரியுமா? மாடிக்காரி! இவள் பாட்டுக்கு யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நம்ம பொண்ணுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சாம்!"

நம்ம பொண்ணாம். பத்து மாதம் சுமந்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், இவளுக்கு நம்ம பொண்ணு!

மாடிக்காரி வேறு யாருமில்லை, ஓரகத்திதான். அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மேலே. மகள் தூரத்து ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவோடு வீடியோவில் பேச உட்கார்ந்தால் கீழ்வீட்டு இணையம் படுத்துக்கொள்ளும். வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வரும். படம் கட்டம் கட்டமாக உடையும். "அம்மா, ஒண்ணுமே கேக்கல. நான் சித்திக்குப் போடறேன், நீ மேல வந்துடு" என்பாள் மகள்.

முட்டி வலியோடு படியேறிப் போவதற்குள் அங்கே பாதிக் கதை முடிந்திருக்கும். அப்புறம் மாடிக்காரியின் சோபாவில் உட்கார்ந்து, மாடிக்காரியின் போனில், மாடிக்காரியின் தோளுக்குப் பின்னாலிருந்து தன் மகளை எட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கொடுமைக்குப் போகாமலே இருக்கலாம் என்று சில நாள் கீழேயே இருந்தும் பார்த்தாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. தையல் மெஷினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கேட்டது.

"அவ வீட்ல மட்டும் எப்படி நல்லா வருது?" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க போன மாசம் புது ரூட்டர் வாங்கினாங்க. நாலு ஆன்டெனா வெச்சது."

"நாலு கொம்பா? அப்ப நமக்கு அதுக்கு மேல வேணும். கிளம்புங்க."

கடைக்காரர் பொறுமைசாலி. வீடு எவ்வளவு பெரிசு, சுவர் எத்தனை, எந்த அறையில் உட்கார்ந்து பேசுவீர்கள் என்று விசாரித்தார். தையல்காரி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கண் கண்ணாடி அலமாரியில் கொம்புகளை எண்ணிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது ஆன்டெனாவை எண்ணி வாங்கற சாமான் இல்ல. உங்களுது நீள வீடு. இதோ, சின்னதா ரெண்டு இருக்கு பாருங்க. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. வீடு பூரா சிக்னல் வரும்."

"இதுவா? சோப்பு டப்பா மாதிரி இருக்கு. யாராவது பாத்தா ரூட்டர்னு சொல்லுவாங்களா?"

"யாரும்மா பாக்கணும்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். கறுப்பாக, எட்டுக் கொம்போடு, காலை விரித்து மல்லாந்து கிடக்கும் நண்டு மாதிரி ஒன்று மேல் தட்டில் இருந்தது. "அதை எடுங்க" என்றாள். புருஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பர்ஸை எடுத்தார்.

எங்கே வைப்பது? சந்தேகமே வேண்டாம், மாடிப்படியைப் பார்த்த முன் ஜன்னலில். மேலே போகிறவளும் கீழே வருகிறவளும் பார்க்காமல் போக முடியாத இடம். தூசி விழக் கூடாதே என்று மிச்சம் கிடந்த வெல்வெட் துணியில் உறை தைத்தாள். எட்டுக் கொம்புக்கும் எட்டுத் துளை, ஓரத்தில் லேஸ். கூலிக்குத் தைத்த கல்யாண கவுனுக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"அம்மாடி! எட்டா?" என்றாள் மாடிக்காரி, படியில் நின்று.

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைசீவி, நல்ல புடவை கட்டி, பின்கட்டுத் தையல் அறையில் போனை நூல்கண்டு டப்பாமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். மகள் வந்தாள். "அம்ம... நீ... எப்..." என்று உடைந்தாள். நெற்றி ஒரு பக்கம், மோவாய் ஒரு பக்கம். முன் ஜன்னலுக்கும் அந்த அறைக்கும் நடுவே இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. எட்டுக் கொம்பு என்ன செய்யும்? படம் போயே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். மாடிக்காரி.

"அக்கா, லைன் கட்டாயிடுச்சாமே? எனக்குப் போட்டுச் சொன்னா." வந்தவள் ஜன்னலில் இருந்த ரூட்டர்மேல் கை வைத்தாள். "ஐயையோ, இதுக்கு ஏன்க்கா சட்டை போட்டு வெச்சிருக்கீங்க? தொட்டுப் பாருங்க, இஸ்திரிப் பெட்டியாட்டம் சுடுது! இதுக்குக் காத்து வேணும்க்கா. அதோட, இங்க வெச்சா உங்க ரூமுக்கு எப்படி எட்டும்?"

தையல்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மாடிக்காரி அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. லேஸ் கிழியாமல் உறையைக் கழற்றி மடித்து வைத்தாள். புருஷன் பரணிலிருந்து நீள ஒயரை எடுத்துக் கொடுக்க, ஸ்டூலில் ஏறி, பீரோவைத் தாண்டித் தையல் அறையின் உயர அலமாரியில் ரூட்டரை அவளே வைத்தாள். கேலி இல்லை, நக்கல் இல்லை. இரண்டு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தையல்காரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவி, நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள்!

"நீங்க நிம்மதியாப் பேசுங்கக்கா. நான் மேல போறேன்" என்று கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

மகள் திரும்பக் கூப்பிட்டாள். கண்ணாடி மாதிரி படம்! காதுத் தோடுகூடத் தெரிந்தது. "அம்மா, இப்ப சூப்பரா தெரியற" என்று மகள் சிரித்தாள்.

"ஏன்டி, அவகிட்ட உடனே போட்டுச் சொல்லணுமா? என் லைன் கட்டானா கட்டாயிட்டுப் போகுது."

"சித்தி உதவி பண்ணுவாங்களேன்னுதான்மா."

"பண்ணுவா, பண்ணுவா. வேலை நிரந்தரமானதையும் அவகிட்டதானே முதல்ல சொன்ன? நேத்து ராத்திரிகூடச் சிரிச்சீங்களே, என்ன அப்படிச் சிரிப்பு? என்னைப் பத்தி எதாவது சொன்னாளா? இன்னும் என்னென்ன அவகிட்ட சொல்லி வெச்சிருக்க? அப்படி என்னதான்டி மருந்து வெச்சா உனக்கு அவ?"

பதில் இல்லை. திரையில் மகள் அசையாமல் இருந்தாள். தையல்காரி போனைத் தட்டினாள். அலமாரியைப் பார்த்தாள், விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது.

"ஏங்க! படம் மறுபடியும் நின்னு போச்சு! இவ்வளவு பெரிசா வாங்கியும்..."

"படம் நிக்கலம்மா" என்றாள் மகள். "நான்தான் பேசாம இருக்கேன். நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவையாவது கேப்பியான்னு பாத்துட்டிருக்கேன்."

அப்போதுதான் தையல்காரி சரியாகப் பார்த்தாள். மகளின் கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இன்றைக்கு வந்த கறுப்பு இல்லை அது, நாள்பட்டது. என்ன ஆயிற்று இவளுக்கு, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள்?

மேலே நடமாடும் சத்தம் கேட்டது. மாடிக்காரிக்குத் தெரிந்திருக்கும்.